லோட்வாரில் என்னைப் ‘போடா’ என்றவர்

முகாமை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். முதுகில் பை, கையில் ஒரு பாட்டில் தண்ணீர். கென்யாவின் வடக்கில் லோட்வார் என்ற ஊருக்குப் போகும் சாலை அது. இரண்டு பக்கமும் மணல், முள்மரம். ரோடு வேலை நடக்கும் முகாமில் சமைக்கச் சைதாப்பேட்டையிலிருந்து வந்தவன் நான். மூன்றாவது மாதமே மேஸ்திரியோடு சண்டை. பையைத் தூக்கிவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். சிரித்துக்கொண்டே, “போடா?” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இன்னாடா சொன்ன? நீ போடா!”

அவருக்கு ஒரே சந்தோஷம். “போடா! போடா!” என்று பின் சீட்டைத் தட்டினார். நான் கீழே கிடந்த கட்டையைத் தூக்கினேன். பறந்துவிட்டார்.

மீதி தூரமும் நடைதான். முள் என் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே டயர் செருப்பு வாங்கிவிடுங்கள். அங்கே எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்.

லோட்வாரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் மந்தைவெளி ரவி அண்ணன். ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவரிடம் வேலை கேட்டுப் போனேன். நடந்ததைச் சொன்னதும் மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தார்.

“யோவ் நைனா, இங்க பைக் டாக்சிக்குப் பேரே போடா போடா தான்யா! சவாரிக்குக் கூப்ட்ட மனுசன அடிக்கப் போனியா?”

“எனக்கு இன்னாண்ணே தெரியும்? கேம்ப விட்டு வெளியவே வரல.”

“சர்தான். எனக்கு சமையக்காரன் வாணாம். பின்னாடி அடி பம்பு கீது, நாலு நாளா தண்ணி வரல. அத்த ஓட வெச்சீன்னா வேல. இல்லாங்காட்டி காலைல பஸ்ஸப் புடிச்சு ஊரப் பாக்கப் போயிடு.”

பம்பைச் சுற்றி மஞ்சள் கேன்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள், கழுத்து நிறைய மணிமாலை. அந்த ஊரில் குளிக்க ஒரு மக் தண்ணீர், பாத்திரம் தேய்க்க மணல். ரவி அண்ணனின் டிரம்மும் காலி. கழுதை வண்டியில் தண்ணீர் வரச் சாயங்காலம் ஆகும்.

பம்பின் தலையைக் கழற்றினேன். தோல் வாஷர் காய்ந்து அப்பளமாகக் கிடந்தது. எங்கள் தெருவில் நான் அடித்து வளர்ந்த அதே பம்பு! கை பரபரத்தது. என் பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. ஊற்றப் போனேன். ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“குடிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துறானே, லூசான்னு கேக்குது,” என்றார் ரவி அண்ணன்.

“தோலு ஊறணும்னு சொல்லுங்கண்ணே.”

முழுவதையும் ஊற்றிவிட்டேன். கால் மணி நேரம் காத்திருந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பிறகு தலையை மாட்டி அடித்தேன். வெறும் காற்று. விடாமல் அடித்தேன். குழாய் இருமியது, செருமியது, குபுக்கென்று கொட்டியது! பெண்கள் கூவினார்கள். கத்தியவளே முதல் கேனைப் பிடித்து என்னிடம் நீட்டினாள். உப்புக் கரித்தது. மூச்சுவிடாமல் குடித்தேன்.

மறுநாள் காலை ரவி அண்ணன் கடையின் பம்பு மெக்கானிக் ஆகிவிட்டேன். பக்கத்துக் கிராமங்களில் நின்றுபோன பம்புகளைப் பார்க்க வேண்டும். எண்ணெயில் ஊறிய வாஷர்களோடு கடை வாசலில் நின்றேன். நேற்று பைக்கில் வந்த அதே ஆள் வந்தார். என் கையிலிருந்த பெரிய ஸ்பேனரைப் பார்த்துப் பத்தடி தள்ளியே நிறுத்தினார்.

தெரியாத ஊரில் காதில் விழுவதெல்லாம் திட்டு இல்லை என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. ஸ்பேனரைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“போடா?” என்றேன்.

யாரையும் அவ்வளவு மரியாதையாக நான் போடா என்றதில்லை. அவர் சிரித்துக்கொண்டே பின் சீட்டைத் தட்டினார்.