வேப்பிலை கட்டாத வீடு

சங்கமித்ராவின் கணினியில் வேப்பிலைக்கு ஓர் எண் இருந்தது. மிகச் சிறிய எண். வாசலில் வேப்பிலை தொங்கும் வீட்டிலிருந்து அம்மை வெளியே போக அநேகமாக வழியில்லை என்று அது சொன்னது.

மல்லேஸ்வரத்தைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. தட்டம்மை ஒரு பேட்டைக்குள் எப்படிப் பரவும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள், எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோடு ஆடுகிறது என்று வீடு வீடாகக் கேட்டு வருவது அவள் பங்கு. கேட்டு வந்த இடம் அவள் பிறந்து வளர்ந்த நீலசந்திரா.

கணக்கு சொன்ன வேகத்தில் நோய் பரவவில்லை. பேராசிரியர் வெங்கடசாமி ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டார். ஒருநாள் டீ குடிக்கும்போது சங்கமித்ராதான் சொன்னாள். "அம்மை கண்டா வேப்பிலை கட்டிடுவாங்க சார். அப்புறம் அந்த வீட்டுக்கு ஒருத்தரும் போமாட்டாங்க. எனக்கே இன்னிக்குத்தான் தோணுச்சு."

அவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வேப்பிலைக்கு ஓர் எண்ணைக் கொடுத்ததும், திரையில் இருந்த கோடு நிஜத்தோடு ஒட்டிக்கொண்டது. அவள் பெயரும் கட்டுரையில் வந்தது.

நீலசந்திராவில் அந்த இலைக்கு மதம் கிடையாது. மாதா படம் மாட்டிய வீட்டிலும் கட்டுவார்கள். தொழுகைக்குப் போகிறவர்களும் இலையைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். அவள் சந்தில் கட்டாத வீடு ஒன்றே ஒன்று. அது அவள் அப்பா அசோகனுடையது. ராணுவப் பணிமனையில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பௌத்தம் தழுவிய அன்றைக்கே மாரியம்மன் படத்தைக் கழற்றினார். அதோடு கூழும் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வெளியேறின. அந்த வீடு கணக்கில் இல்லை. கணக்கெடுப்பவர் தன் சொந்த வீட்டைச் சேர்க்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி.

ஏப்ரல் பிறந்ததும் அந்த வீட்டுக் கூடம் நிரம்பிவிடும். அம்பேத்கர் ஜெயந்திக்குப் பாட்டுப் பயிற்சி. நான்கு சந்துப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து தொண்டை கிழியப் பாடுவார்கள். அவர்களுக்கு நடுவில் சங்கமித்ராவின் மகன் சுனில் கஞ்சிராவைத் தட்டுவான். அவன் அப்பா உத்தமன் துபாயில் எலக்ட்ரீஷியன். சங்கமித்ராவின் அம்மா யசோதா அடுத்த வீட்டு மௌரீனின் ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்தபடி தாளம் போடுவாள். மௌரீன் கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கும் அவள் கணவன் சிரில் வேலைக்கும் போகும்போது விட்டுப் போகிற குழந்தை.

அந்த வருஷம் சுனிலுக்கு இருமல் வந்தது. கண் சிவந்தது. "பெயின்ட் வாசனை" என்றாள் யசோதா. ஜெயந்தி மேடைப் பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கமித்ராவும் அப்படியே நினைத்தாள். அவனுக்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்று. ஊசி போட்ட பிள்ளைகளில் சிலருக்கு அது பிடிப்பதில்லை என்பதற்கும் அவள் கணினியில் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணுக்குள் தன் பிள்ளை இருப்பான் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

நாலாவது நாள் காலை, தலை வாரிவிடும்போது அவன் காதுக்குப் பின்னால் சிவப்பாகத் தடித்திருந்ததைப் பார்த்தாள். சீப்பு அங்கேயே நின்றது. தடிப்பு தெரிவதற்கு முன்பிருந்தே இது பரவும். அத்தனை சாயங்காலமும் கூடம் நிறையப் பிள்ளைகள். யசோதாவின் இடுப்பில் குழந்தை. அதற்கு ஊசி போட இன்னும் இரண்டு மாதம் ஆக வேண்டும்.

உடனே சந்தில் இறங்கினாள். சுனிலுக்கு மீசில்ஸ், பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று ஒவ்வொரு கதவாகச் சொன்னாள். மத்தியானத்துக்குள் வீட்டில் கூட்டம். ஒருத்தி சாத்துக்குடியோடு வந்தாள். ஒருத்தி பன் வாங்கி வந்தாள். கூடவே பிள்ளைகள். ஜுரக்காரனைப் பார்க்காமல் இருப்பது அந்தப் பேட்டையில் பகை.

"எதுக்குக்கா வந்தீங்க? அம்மைன்னு சொன்னேனே."

"அம்மைன்னா இலை கட்டியிருப்பீங்களே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "நீ ஏதோ இங்கிலீசுல சொன்ன. ஜுரம்னு நெனச்சேன். நீ ஒரு வாய் காப்பி குடி, மூஞ்சியே சரியில்ல."

அன்று சாயங்காலம் சங்கமித்ரா வேப்பங்கொத்தோடு வந்து வாசல்நிலையில் ஆணி தேடினாள். அசோகன் பேப்பரை மடித்தார்.

"என்ன இது?"

"வேப்பிலை."

"தெரியுது. எம்.எஸ்ஸி. படிச்சவ கையில ஏன் இருக்குன்னு கேக்குறேன்."

"சாமிக்கு இல்லப்பா. மௌரீன் குழந்தைய இங்க தூக்கிட்டு வராம இருக்கணும். வாயால சொன்னா சாத்துக்குடி வாங்கிட்டு வராங்க."

"போர்டு எழுதி மாட்டு. நானே எழுதித் தரேன், தமிழ், கன்னடம், இங்கிலீசு மூணுலயும்."

"யாரு படிப்பாங்க? இதைத்தான் படிப்பாங்க."

 அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவள் கட்டினாள். பாட வந்த பிள்ளைகள் சந்து முனையிலேயே நின்று, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, திரும்பிப் போனார்கள். சந்தே பேசியது. "அசோகண்ணன் வீட்டுக்கும் அம்மா வந்துட்டா பாரு. எத்தினி வருஷ கோபமோ."

சுனில் தேறினான். ஜெயந்தி பாட்டில்லாமல் நடந்தது. சங்கமித்ரா நிலையத்தில் உட்கார்ந்து முதல்முறையாகத் தன் வீட்டைக் கணக்கில் சேர்த்தாள். இலை இல்லாத ஒரு வீடு, சாயங்காலங்களில் நிறைகிற ஒரு கூடம். ஓட்டிப் பார்த்தாள். திரையில் கோடு சிறிது தூரம் படுத்தே போயிற்று. பிறகு சுவர்போல எழுந்தது. அவள் இப்போது அந்தப் படுத்த பகுதியில் இருந்தாள்.

ஒன்றரை வாரம் போல எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரே காலையில் சந்தில் ஐந்தாறு வாசல்களில் வேப்பிலை தொங்கியது. அவற்றில் ஒன்று மௌரீனுடையது.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியே மௌரீனின் முகம் மட்டும் தெரிந்தது.

"உள்ள வராதக்கா. இலை கட்டியிருக்கு."

"பாப்பா எப்படி இருக்கு?"

"மூச்சு வாங்குது. ஜெபம் பண்றோம். அம்மை பாக்குற மதலைமுத்து மாமா வந்து மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுப் போனாரு."

"நெஞ்சு உள்ள இழுக்குதா?" சங்கமித்ரா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் மௌரீன்."

"தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாதுக்கா. தாண்டினா கண்ணு போய்டும்னு மாமியார் சொல்றாங்க. சிரிலும் அதேதான் சொல்றாரு. நீங்களே இலை கட்டினீங்களே?"

 வேப்பிலைக்குக் கொடுத்த எண்ணைச் சங்கமித்ரா ஒரு பக்கமாகத்தான் யோசித்திருந்தாள். உள்ளே போவோரைத் தடுக்கிற இலை, வெளியே வர வேண்டியவரையும் தடுக்கும். மருந்தையும் தடுக்கும். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குழந்தையின் மூச்சு கேட்டது. நனைந்த துணியைக் கிழிப்பதுபோல.

அவளுக்குப் பின்னால் ஆட்டோ வந்து நின்றது. அசோகன் இறங்கினார். யசோதா சொல்லியிருக்க வேண்டும். அவர் யாரையும் கேட்கவில்லை. இலையை ஒரே இழுப்பில் அறுத்துக் கீழே போட்டார், கதவைத் தள்ளினார், உள்ளே போனார். மாமியாரின் அலறல் கேட்டது. சிரில் அவர் சட்டையைப் பிடித்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அவர் சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

"அம்மா கோச்சுக்கிட்டா எம்மேல கோச்சுக்கட்டும்" என்றார் சிரிலிடம். "எனக்கும் அவளுக்கும் பழைய தகராறுதான். நீ வண்டில ஏறு."

சந்து இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. ஒருவரும் கிட்டே வரவில்லை. மௌரீன் செருப்பில்லாமல் ஓடிவந்து ஏறினாள்.

அரசு ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் பகுதியில் பெஞ்சுகள் நிரம்பி, தரையிலும் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொம்மலூரிலிருந்து, சிவாஜிநகரிலிருந்து, எங்கெங்கிருந்தோ. பேதிக்கு வந்தவர்கள், கட்டிக்கு வந்தவர்கள், ஊசிக்கு வந்தவர்கள். மின்விசிறி ஒன்று சூடான காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. அசோகன் தோளில் குழந்தை இருமியது.

சங்கமித்ரா நர்ஸிடம் போனாள். "சிஸ்டர், இது தட்டம்மை. தனியா வைக்கணும். இங்க எல்லாம் கைக்குழந்தைங்க."

நர்ஸ் குழந்தையின் நெஞ்சைப் பார்த்தாள், முகம் மாறியது. "ஆக்ஸிஜன் பெட் காலியாகட்டும், முதல்ல இதைத்தான் எடுப்பேன். அதுவரைக்கும் எங்க வைக்கறதும்மா? கூத்கொள்ளி, இங்கயே உக்காருங்க."

பெஞ்சில் ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். அவள் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மௌரீனின் குழந்தையைப் பார்த்து, "ஐயோ பாவம், இப்படிக் குடுங்க, விசிறி விடறேன்" என்று கையை நீட்டினாள்.