ரீச்சர் சொன்ன பிரிவு

சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் மகளின் பள்ளிக்கூட வாசலில், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம் அடித்ததும் நான் படித்த ஹொலண்ட் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அதை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். மெழுகிட்ட தரையில் சப்பாத்துகள் கீச்சிடும் சத்தமும், எப்போதும் சிரித்தபடியே கதைக்கும் ரீச்சரின் முகமும் எனக்குள் அப்படியே இருக்கின்றன.

அங்கே பன்னிரண்டு வயதிலேயே பிள்ளை பல்கலைக்கழகப் பக்கம் போவதா, தொழில் படிப்பதா என்று ரீச்சர்தான் சொல்வார்.

"இவளுக்குத் தொழிற்பிரிவுதான் பொருந்தும்" என்று அவர் டச்சில் சொன்னதை அப்பாவுக்கு நானே மொழிபெயர்த்தேன்.

அப்பாவின் முகம் இறுகியது. "கணக்கில வகுப்பில நீதானே முதலாவது? எங்கட தமிழ்ப் பிள்ளையள் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுறாவோ எண்டு கேள்."

கேட்டேன். ரீச்சரின் கழுத்து சிவந்தது. "சரி, மேல் பிரிவில் ஒரு வருடம் இருந்து பார்க்கட்டும்" என்றார்.

நான் மருந்தாளராகப் படித்து முடித்தேன். இப்போது ஹொலண்டில் பரீட்சையில் அதிகப் புள்ளி எடுத்தால் ரீச்சர் சொன்ன பிரிவையும் உயர்த்துகிறார்களாம். ரீச்சர் மனதில் என்ன இருந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே கேள்வியில் மாறக்கூடிய முடிவை அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னார் என்பதுதான் உறுத்துகிறது.