மரகதத்தின் மணிக்கட்டு

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்துப் பள்ளியொன்றில் நான் விளையாட்டு டீச்சர். குண்டு எறியும் மாணவிகளின் கையைச் சோதிப்பேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக் கையை உள்ளே மடக்கினால் மணிக்கட்டில் ஒரு நரம்பு புடைக்கும். மரகதத்துக்குப் புடைக்கவில்லை. "உனக்கு நரம்பே இல்லையே, கை பிசகிடும்" என்று அணியிலிருந்து நீக்கிவிட்டேன்.

மறுநாள் அவள் அம்மா தலையில் மீன்கூடையோடு வந்தார். இறக்கக் கைகொடுத்தேன்; தாங்க முடியவில்லை. "மெதுவா டீச்சரம்மா, கை பிசகிடப் போவுது" என்று அவரே இறக்கினார்.

"நரம்பில்லேன்னு பொண்ணு சோறு துன்னாம அழுவுது. எனுக்குந்தான் இல்ல, பாரு" என்று மணிக்கட்டைக் காட்டினார்.

அவர் போனதும் என் கைகளைச் சோதித்தேன். இடக்கையில் நரம்பில்லை. இத்தனை வருடம் தெரியவேயில்லை.

அணிப் பட்டியலில் மரகதத்தின் பெயரை மறுபடி எழுதியபோது, தாளை அந்தக் கைதான் பிடித்திருந்தது.