பெரிய ஸ்பீடில் நின்ற மோட்டார்

டிப்ளமோ முடித்து, வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் எலக்ட்ரிக்கல் பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், ஈரத்துணி பிழியும் ஹைட்ரோ மெஷின் நின்றுபோனது. மோட்டாருக்குள் செம்புக் கம்பியால் சுற்றிய காயில் எரிந்திருந்தது. இரண்டு நாளில் புதுக் காயில் கட்டி வந்தும் அது முழுதாக ஓடவில்லை. சின்ன ஸ்பீடில் ஒழுங்காகச் சுற்றியது. பெரிய ஸ்பீடுக்கு மாற்றினால் உறுமி, உதறி, ட்ரிப் ஆகி நின்றது.

"காயில் கட்டுனதே சரியில்லை," என்றார் மேனேஜர். பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு, சாயங்காலத்துக்குள்ள ஓடலீன்னா மோட்டார் கோயமுத்தூருக்குப் போகுது. நீ நாளையிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போயிரு. பொம்பளப் புள்ளைக்கு இந்தச் சேத்துல என்ன வேலை?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு நான் மோட்டார் படிக்கவில்லை. நோட்டில் நான்கு வரி எழுதிக்கொண்டேன். ஒன்று, பேரிங். இரண்டு, காயிலில் கரண்ட் கசிவு. மூன்று, மூன்று பேஸ்களின் ரெசிஸ்டன்ஸ். நான்கு, சுற்றும் திசை.

எங்கள் எலக்ட்ரீஷியன் திருநெல்வேலிக்காரர். எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நோட்டப் பாத்து மோட்டார் ஓடிருமாக்கும்?"

முதல் மூன்றும் சரியாக இருந்தன. அப்படியானால் காயில் கட்டியவர் மேல் தப்பில்லை. இந்த வகை மோட்டாரில் வேகம் கரண்டைக் கூட்டிக் கொடுப்பதால் வருவதில்லை. உள்ளே இருப்பது ஒரே காயில்தான். ஒரு மாதிரி இணைத்தால் எட்டுத் துருவம், மெதுவாகச் சுற்றும். வேறு மாதிரி இணைத்தால் நாலு துருவம், வேகம் இரட்டிப்பாகும். ஆகவே தப்பு இணைப்பில் இருக்க வேண்டும்.

"திசை பாத்தீங்களாண்ணா?"

"சின்ன ஸ்பீடுல பாத்தேம்லா. சரியாத்தான் சுத்துது."

"பெரிய ஸ்பீடுல?"

"அது ஓடுனாத்தான பாக்கதுக்கு!"

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எல்லோரும் சின்ன ஸ்பீடில் ஓடவிட்டுத்தான் பெரிய ஸ்பீடுக்கு மாற்றியிருந்தார்கள். நான் பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். நின்றிருந்த மோட்டாரில் நேராகப் பெரிய ஸ்பீடு பட்டனை ஒரு நொடி அழுத்தி விட்டேன். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. முன்னால் ஓடிக்கொண்டிருப்பதைச் சட்டென்று பின்னால் இழுத்தால் உறுமாமல் என்ன செய்யும்?

மெயினை அணைத்து, மோட்டாரின் வயர்ப் பெட்டியைத் திறந்தோம். ஆறு வயர்கள். கழற்றும்போது அடையாளத்துக்காக எலக்ட்ரீஷியன் நூல் கட்டியிருந்தார். சின்ன ஸ்பீடுக்கு ஒரு முடிச்சு, பெரிய ஸ்பீடுக்கு இரண்டு முடிச்சு. மூன்று பேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம். இரண்டு நாள் அந்த வயர்கள் ஈரத்தரையில் கிடந்திருக்கின்றன. இரண்டு முடிச்சு போட்ட சிவப்பு நூலின் சாயம் பக்கத்து மஞ்சளில் இறங்கி, இரண்டும் ஒரே ஆரஞ்சாகியிருந்தன. அவர் ஒரு குத்துமதிப்பில் மாட்டிவிட்டார். மூன்று பேஸில் இரண்டு இடம் மாறினாலே மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

நூலை விரலில் உருட்டிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பட்டறைல முக்கின நூலுதான் தாயி. சாயம் நிக்கலன்னு வெளிய சொல்லிராத."

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பெரிய ஸ்பீடு வயர்களில் அந்த இரண்டை மட்டும் மாற்றினோம். பெல்ட்டை மாட்டி, ஈரத்துணியை நிரப்பினோம். சின்ன ஸ்பீடு. துணி சுற்றும் கூடை ஒரு சீரான வேகத்துக்கு வந்ததும் பெரிய ஸ்பீடு. உறுமல் இல்லை. பிழிந்த தண்ணீர் வடிகுழாயில் கொட்டத் தொடங்கியது.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "காயில்காரன் வந்து பாத்தானா?"

நான் வாய் திறப்பதற்குள் எலக்ட்ரீஷியன் சொன்னார்: "காயிலு நல்ல காயிலு சார். நாந்தான் ரெண்டு வயர மாத்திப் போட்டுட்டேன். இந்தப் பிள்ளதான் கண்டுபிடிச்சிச்சு."

மேனேஜர் ஓடும் மெஷினையும் என் கிரீஸ் கையையும் பார்த்தார். "அப்ப, ஆபீஸ்?"

"மூணாம் நம்பர் பம்புல சத்தம் வருதுங்க சார். நாளைக்கு அதைக் கழட்டிப் பாக்கோணும்."

"சரி, பாரு கண்ணு," என்றார்.