திரும்பிப் பாராமல் ஓடப் பழக்கிய பிள்ளை

வழக்குக் கோட்டிலே பிள்ளையை விட்டுவிட்டு ஓடினவள் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு கதை இருக்கிறது. இத்தனை வருஷமாகியும் அது சாகவில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் எனக்குப் பின்னால் இருந்தவள் பக்கத்திலிருந்தவளின் காதைக் கடித்தாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஓம், ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்கத்தான் அன்றைக்கும் ஒருவருக்கும் நேரமில்லை, இன்றைக்கும் நேரமில்லை.

அது வெள்ளைக்காரன் ஆண்ட உலகச் சண்டைக் காலம். துறைமுகம் முழுக்கக் கப்பல், தெரு முழுக்கப் பட்டாளம். எங்கள் வீடு துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரம். என்னுடைய சீதன வீடு அது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். புருஷன் வந்து குடியிருப்பான். என்னவருக்குத் துறைமுகத்தில் வேலை. குண்டு விழுந்த அன்று காலையில் வேலைத்தலத்திலிருந்து ஓடி வந்தவர், பின்னேரமே குச்சவெளியில் இருந்த தன் தாய் வீட்டுக்குப் போக மூட்டை கட்டினார்.

"வெளிக்கிடும், பிள்ளையையும் கொண்டு போவம்" என்றார்.

"வீட்டை ஆர் பாக்கிறது? நீங்கள் வேணுமெண்டால் போங்கோ" என்றேன்.

ஊரே வெளிக்கிட்டதுதான். தம்பலகாமத்துக்கு வண்டி கட்டினவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பூட்டிவிட்டுப் போன வீடுகளுக்குள் பட்டாளம் புகுந்துகொண்டது என்று கதை அடிபட்டது. எனக்கு இருந்தது அந்த வீடும், ஒரு தையல் மெசினும், ஐந்து வயசு மகளும். அவர் குடிக்கிறவரில்லை, கை நீட்டுகிறவருமில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் வாய் நீளம். அன்றைக்கு வாயை யாரும் மூடவில்லை. அவர் தனியே போனார். பிறகு பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டார்.

குண்டு விழுந்த அன்று எங்கள் தெருவில் ஒருத்தி செத்துப்போனாள். அவளுடைய பிள்ளை அயலவர்களோடு ஏற்கெனவே பதுங்குகுழிக்குள் இருந்தது. அது தெரியாமல் அவள் பிள்ளையைத் தேடி வீட்டுக்குள் திரும்பி ஓடினாள். அதற்குப் பிறகு எங்கள் தெருத் தாய்மார் எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தோம். விமானம் வருகிறதென்று சங்கு ஊதினால் அவரவர் ஓடவேண்டும். தாய் பிள்ளையைத் தேடக் கூடாது, பிள்ளை தாயைத் தேடக் கூடாது. குழிக்குள்ளே சந்தித்துக்கொள்வோம்.

சொல்லுகிறது லேசு. ஐந்து வயசுப் பிள்ளைக்கு அதைப் பழக்கிப் பாருங்கள்! நான் குசினி அடுப்படியில் நின்று தகரத் தட்டில் அடிப்பேன். அவள் எங்கே நின்றாலும் முருங்கையடிக் குழிக்கு ஓடவேண்டும். முதலில் எல்லாம் என்னிடம்தான் ஓடி வந்து சீலையைப் பிடித்தாள். "என்னட்டை வராதை, குழிக்கு ஓடு! திரும்பிப் பாக்காதை!" என்று ஏசுவேன். அழுவாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டில் அடிப்பேன். சரியாக ஓடினால் ஒரு துண்டு பனங்கட்டி கொடுப்பேன். பிறகு பிறகு முயல்குட்டி மாதிரி ஓடினாள். குழிக்குள்ளிருந்து "அம்மா, நான் வந்திட்டன்!" என்று கத்துவாள். எனக்கு அவ்வளவு பெருமை.

வழக்கு நாளும் வந்தது. அவர் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார், நானும் மகளும் ஒரு வாங்கில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குண்டு விழும், குச்சவெளியில் விழாது என்று அவருக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். அப்போது சங்கு ஊதியது.

என் மகள் குதித்து இறங்கி ஓடினாள். கோட்டு முற்றத்தில் குழி வெட்டியிருந்ததை வரும்போதே அவளுக்குக் காட்டியிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவளைத் தேடவில்லை. பழக்கம் அப்படி, கால் தானாகவே போய்விட்டது. அவருக்கு இந்தப் பழக்கம் ஒன்றும் தெரியாது. பாதி வழியில் போய்க்கொண்டிருந்த பிள்ளையை எட்டிப் பிடித்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பிள்ளை காலை உதறினாள். நீதிபதித் துரை படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழிக்குள் அவள் முகம் வெளிறியிருந்தது. "அம்மா, நான் ஓடினனான். அப்பாதான் இடையில தூக்கிப்போட்டார்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது. சுற்றிவரப் பிரக்கிராசிமாரும் பொலிசும். நீ சரியாகத்தான் ஓடினாய் என்று அவளுக்குச் சொல்லாமல் விட்டேன். ஆகாயத்தில் வந்தது எங்கள் தரப்பு விமானம்தானாம். ஒன்றும் விழவில்லை.

உள்ளே போனதும் துரை என்னைச் சாட்சிக் கூட்டில் ஏற்றச் சொன்னார். அவருடைய இங்கிலீசைத் தமிழாக்கும் முதலியார் கேட்டார்:

"சங்கு ஊதினபோது நீர் உம்முடைய பிள்ளையைத் தேடினீரா?"

"இல்லை ஐயா, ஏனெண்டால் நாங்கள்..."

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். தேடினீரா, இல்லையா?"

"இல்லை."

துரை எழுதினார். அவ்வளவுதான். பிள்ளை தகப்பனுக்கு. வெளியே வந்ததும் என் பிரக்கிராசி, "ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன, வாய் வெந்தா போகும்?" என்று என்மேல் பாய்ந்தார். குண்டுக்குப் பயந்து ஊரை விட்டே ஓடினவர் என்னவர். ஓடுகாலிப் பட்டம் எனக்கா? என்ன நியாயமடா இது! அந்தத் துரைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்தானே.

மகள் போன பிறகும் சங்கு ஊதியது. நான் குழிக்கு ஓடும்போது எனக்கு முன்னால் இரண்டு சின்னக் கால்கள் இறங்குவதைக் கண்டேன். மனப்பிரமை என்று சொல்லாதீர்கள். கண்டேன் என்றால் கண்டேன். குழிக்குள்ளே சுவரோரம் ஓர் ஆள் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுத்தான் இருப்பேன். "கொஞ்சம் தள்ளி இருமன்" என்று மற்றப் பெண்கள் கேட்பார்கள். தள்ள எனக்கு ஏலாது. அங்கேயிருந்து சூடு வரும். சுவரைத் தடவிப் பார்ப்பேன், மண் ஈரமாய்க் குளிர்ந்து கிடக்கும். என்னைப் பைத்தியம் என்றார்கள். அந்தச் சூட்டுக்காகவே, சங்கு ஊதாதா என்று நான் ஏங்கிய நாளும் உண்டு. இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்று கோட்டில் சொல்லியிருந்தார்கள். பஸ் ஓடுவது நிச்சயமில்லாத காலம். ஒருநாள் காலையில் ஒரு மீன் லொறிக்காரரைக் கெஞ்சிப் பிடித்துக் குச்சவெளிக்குப் போனேன். என்னவர் என்னைக் கண்டதும் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். என் மாமியார் ஒரு கதிரையை எடுத்து முற்றத்தில் போட்டார். மகள் வாசலில் வந்து நின்றாள். கறுத்து, உயர்ந்து போயிருந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று கையை நீட்டினேன். அவள் கிட்ட வரவில்லை.

"அம்மா, நான் இப்ப நல்லா ஓடுவன். ஒவ்வொரு நாளும் ஓடிப் பழகினனான். பாருங்கோ" என்றாள்.

நான் ஒன்றும் சொல்ல முந்தி ஓடத் தொடங்கினாள். மணல் முற்றத்தைக் குறுக்கே கடந்து, தென்னைகளுக்குள்ளாலே, வேலி வரைக்கும் ஓடினாள். ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலியைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றாள்.

"சரியா ஓடினனானா? ஒருத்தரும் என்னைத் தூக்கேல்லை, பாத்தீங்களோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓடத் தெரியாத பிள்ளை என்று நானே அவளை அனுப்பிவிட்டேன் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். கோடு, துரை, வழக்கு என்று அவளிடம் எதைச் சொல்லுவது?

"நல்லா ஓடினாய், என்ரை ராசாத்தி" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. தன் உடுப்புகளை எடுத்துவர வீட்டுக்குள் ஓடினாள்.