லாசாலிலிருந்து கோட்-டெ-நெய்ஜுக்கு ஓர் ஒலிவ் மரத்தோடு

மொன்றியலில் ஒலிவ் மரம் காய்க்காது என்று எனக்குப் புத்தி சொல்லாத தமிழர் இந்த ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று சிரித்தவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. மரத்தோடு மெற்றோ ஏற நினைப்பவர்களுக்கும் உதவும்.

என்னுடையது அர்பெக்கீனா இனம். காய் சின்னதுதான், ஆனால் எண்ணெயும் எடுக்கலாம், உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டும் தின்னலாம். அதற்காகவே 2002இல் ஒரு முழக் கன்றாக வாங்கினேன். ஆறு குளிர்காலம் கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில், சூடாக்கியோடு ஒட்டி வைத்து, பொத்திப் பொத்தி வளர்த்தேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் கறிவேப்பிலை அப்படித்தானே பிழைக்கிறது. ஒலிவ் என் தோளுயரம் வந்தது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. 2008 நொவெம்பரில் என் மனுசன் அன்ரன் கெடு வைத்தார்.

"வாற ஜூனுக்குள்ள பூக்கேல்லையெண்டால் குப்பைக்குத்தான். அந்த மூலையில ரீவி வைக்கப்போறன்."

"பூக்கும்," என்றேன். எப்படிப் பூக்கும் என்று எனக்கே தெரியாது.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சலீமா என்றொரு அல்ஜீரியாக்காரி இருக்கிறாள். ஒலிவ் தோட்டத்துக்குள் வளர்ந்தவள். மரத்தின் படத்தைக் காட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆறு வருடமாக அதைத் தூங்கவே விடவில்லையா நீ?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "குளிர் படாமல் ஒலிவ் பூக்காது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. குளிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அந்தக் குளிரையே மரத்துக்குக் காட்டாமல் வைத்திருக்கிறேன்! வெளியில் வைத்தால் செத்துவிடும். ஆனால் கோட்-டெ-நெய்ஜில் சலீமாவின் வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அடைத்த விறாந்தை ஒன்று இருக்கிறது. சூடாக்கி கிடையாது. கடுங்குளிர் நாட்களில் உள்கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் உறையாது. கொண்டு வா என்றாள்.

"என்ர காரில மண் கொட்டும்," என்று அன்ரன் கையை விரித்துவிட்டார். சரி, பஸ் இருக்கிறதே.

சனிக்கிழமை காலை 9.10. எங்கள் லாசாலில் மைனஸ் ஆறு. மரத்துக்கு அன்ரனின் பழைய குளிர் ஜக்கெற்றைப் போட்டு 'சிப்'பையும் இழுத்துவிட்டேன். பஸ் சாரதி மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "மதாம், இவருக்கும் ரிக்கெற் உண்டா?" என்றார். இரண்டு பேருக்கான சில்லறையையும் பெட்டியில் போட்டேன், ஆளுக்கு 2 டொலர் 75 சதம். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

ஆங்ரிஞோனில் இறங்கி 9.35க்கு மெற்றோவின் பச்சை வழி. லியோனல்-குரூவில் செம்மஞ்சள் வழிக்கு ஒரு தளம் மாறவேண்டும். லிஃப்ட் இல்லை. பதினெட்டுக் கிலோச் சட்டியைப் படிப்படியாக இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, திட்டித் திட்டிப் போனேன். ஸ்னோடனில் நீல வழி, அங்கிருந்து ஒரே ஒரு தரிப்பு. சலீமாவின் கதவைத் தட்டும்போது 10.40. பதின்மூன்று கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம்.

ஏப்ரல் நடுவில் அதே வழியால் திருப்பிக் கொண்டுவந்தேன். மே முழுக்கப் பச்சை இலைதான். அன்ரன் ஒருநாள் அளவு நாடாவோடு வந்து மூலையை அளந்தார். எனக்கு வந்த கோபத்தில் நாடாவைப் பிடுங்கி லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். ஜூன் ஒன்பதாம் திகதி காலையில் தண்ணீர் ஊற்றப் போனால் கிளை முழுக்க வெள்ளை மொட்டு. சத்தம் போட்டு அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

காய்த்தது நாற்பத்தொன்று. இருபதை உப்புத்தண்ணீரில் போட்டிருக்கிறேன். கறுத்த இருபத்தொன்றை உரலில் இடித்துத் துணியில் பிழிந்தேன். மேலே மிதந்த எண்ணெய் அரைத் தேக்கரண்டி.

"ஏழு வருசத்துக்கு அரைக் கரண்டியோ?" என்றார் அன்ரன்.

"ஓம். உங்கட ரீவியில ஒரு சொட்டும் வராது," என்று அவ்வளவையும் பாணில் ஊற்றிக் கொடுத்தேன். கசக்குது என்றார். கசக்குது கசக்குது என்றே கோப்பையில் ஒட்டியதையும் பாணால் துடைத்துத் தின்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சனி காலையில் போங்கள், வேலை நாளில் மெற்றோவில் மரத்துக்கு இடம் கிடைக்காது. முதல் நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள், சட்டி பாரமாகும். காயைப் பச்சையாகக் கடித்துப் பார்க்காதீர்கள், நாக்கு செத்துவிடும். பத்து நாள் தண்ணீர் மாற்றிய பிறகே உப்பில் போடுங்கள். கறிவேப்பிலைக்குச் செய்வதை ஒலிவுக்குச் செய்யாதீர்கள்.

நேற்று மரம் மறுபடியும் சலீமா வீட்டுக்குப் போனது. அன்ரன் தானாகவே கார்ச் சீற்றில் பழைய படங்கை விரித்துவிட்டு, "ஏத்துவமோ?" என்று கேட்டார். நான் மரத்துக்கு அவருடைய ஜக்கெற்றைப் போட்டு, இரண்டு பேருக்கான சில்லறையை எண்ணிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பூக்காத காலத்தில் பஸ்ஸில் போன மரம். இனியும் பஸ்ஸில்தான் போகும்.