இரண்டு அவைகளும் ஓர் அரசி வேடமும்

நோர்வேயின் வெஸ்ட்லியில் குடியிருக்கும் புளோறன்ஸ் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அவளுக்கு ஓர் ஆசை மிஞ்சியிருந்தது. தேவாலய மண்டபத்தில் ஆண்டுதோறும் ஆடும் நாட்டுக்கூத்தில் அரசியாக வேண்டும். அந்த வேடத்தை ஆண்களே கட்டிவந்தார்கள். நெடுங்காலமாகக் கட்டிக்கொண்டிருப்பவன் அவள் கணவன் அல்பேர்ட்.

கூத்தை நடத்தும் கலைமன்றத்தின் அமைப்பை, தலைவர் அருளானந்தன் தொண்ணூறுகளில் நோர்வே நாடாளுமன்றத்தைப் பார்த்து வகுத்திருந்தார். பொதுக்கூட்டம் பதினாறு பேரைத் தெரிவுசெய்யும். அவர்கள் தங்களுக்குள் நால்வரைப் பொறுக்கி மேலவையாக்குவார்கள். மிச்சப் பன்னிரண்டு பேர் கீழவை. எந்தத் தீர்மானமும் கீழவையில்தான் தொடங்க வேண்டும். மேலவை அதை இரண்டு தரம் திருப்பி அனுப்பினால், பதினாறு பேரும் ஒன்றாகக் கூடி மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் முடிவெடுப்பார்கள். நாடாளுமன்றம் 2009இல் இந்த இரண்டு அவைப் பிரிவினையைக் கைவிட்டது. மன்றம் விடவில்லை.

பெண் வேடத்தைப் பெண்களே கட்டலாம் என்று கீழவையிலிருந்த புளோறன்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தை அந்த அவை பத்துக்கு இரண்டால் ஏற்றது. மேலவை திருப்பியது. கீழவை மறுபடி ஏற்றது. மேலவை மறுபடி திருப்பியது. அந்த நால்வரில் அருளானந்தனும் அல்பேர்ட்டும் இருந்தார்கள்.

"என்னப்பா, இரண்டாம் தரமும் திருப்பிப்போட்டியள்?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"மேலவை விசயம் வீட்டிலை கதைக்கிறேல்லை."

"அப்ப மேலவை தானே போட்டுச் சாப்பிடட்டும்."

அல்பேர்ட் எழுந்துபோய்த் தானே சோறு போட்டுக்கொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பதினாறு பேரும் கூடினார்கள். பத்துக் கைகள் உயர்ந்தன. பதினொன்று வேண்டும். புளோறன்ஸ் கணவனையே பார்த்தாள். நாட்டுக்கு வந்த புதிதில், வடகோடிக் குளிரில், பாட்ஸ்பியோர்ட்டின் மீன் தொழிற்சாலையில் அவளுடைய விறைத்த விரல்களைப் பொத்திச் சூடாக்கிய கைகள், முழங்கால்மேல் அசையாமல் கிடந்தன. அவள் கண்கள் நிறைந்தன.

அப்போது அருளானந்தன் மெல்லக் கையை உயர்த்தினார்.

"நீங்களுமோ அண்ணை?" என்றான் அல்பேர்ட்.

"குறை நினையாதை அல்பேர்ட். போன முறை உச்சத்திலை உன்ரை குரல் உடைஞ்சிட்டுது. மத்தளத்தைப் பலமா அடிச்செல்லோ மூடினவங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. புளோறன்ஸுக்கு வேடம் கிடைத்தது. அவள் காத்திருந்த கை மட்டும் உயரவேயில்லை.

வீடு திரும்பும் ரயிலில் அவன் அவளுக்கு எதிரே அமர்ந்தான்.

"நான் கை தூக்கேல்லை."

"கண்டனான்."

"இன்னொருக்கால் கேட்டாலும் தூக்கமாட்டன்."

"சரி." இரண்டு நிலையங்கள் கழிந்தன. "கிரீடம் ஆர் கட்டிவிடுறது?" என்று கேட்டாள்.

அல்பேர்ட் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"வேறை ஆருக்கு அது தெரியும்? நான்தான் கட்டவேணும். இறுக்கித்தான் கட்டுவன், பிறகு தலையிடிக்குதெண்டு சொல்லக்கூடாது."